தளையும் பதிவேடும்

மனநோயின் வேகத்தில் கொந்தளித்து நிற்பவரைக் கட்டிவைத்து அடக்கும் வழக்கம், மருத்துவமனைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே வீடுகளிலும் வழிபாட்டிடங்களிலும் சிறைகளிலும் இருந்துவந்தது. ஆனால் அந்த வழக்கம் மணிக்கணக்கில் அளந்து எழுதப்பட்டு, அதற்கு நியாயம் கேட்கப்பட்டு, அதை முற்றிலும் கைவிட முடியுமா என்ற கேள்வி மருத்துவர்களிடையே பெரும் விவாதமாக மூண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில்தான். கொந்தளிப்பு நிலை என்பது, நோயாளி அமைதியிழந்து தன்னையோ பிறரையோ தாக்கக்கூடும் என்று அஞ்சுமளவுக்குக் கிளர்ச்சியுற்றிருப்பதைக் குறிக்கும்; தளை என்பது இரும்புச் சங்கிலி, தோல்வார், முரட்டுத் துணிச்சட்டை, ஆளைப் பூட்டிவைக்கும் நாற்காலி என்று உடலின் அசைவைத் தடுக்கும் கருவிகள் அனைத்தையும் அடக்கிய பொதுப்பெயர். இந்தத் தளைகள் நீங்கிய கதை வழக்கமாகக் கருணையின் வெற்றியாகச் சொல்லப்படுகிறது. எனினும் அக்காலக் காப்பகங்களின் ஆவணங்களைப் படிப்பவருக்கு, எவ்வளவு பேர் எவ்வளவு நேரம் கட்டப்பட்டார்கள் என்பதை நோயின் கடுமையைக் காட்டிலும் பணியாளர் எண்ணிக்கையும், கட்டடத்தின் அமைப்பும், கட்டியதை எழுதிவைக்கும் கடமை யாருக்கேனும் இருந்ததா என்பதுமே அதிகமாகத் தீர்மானித்தன என்பது தெரியவரும்.

இந்த வரலாற்றின் இருண்ட தொடக்கமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது லண்டனின் பெத்லெம் மருத்துவமனை. 1247-இல் ஒரு துறவியர் மடமாகத் தொடங்கி, பின்னர் மனநோயாளிகளை ஏற்கும் இடமாக மாறிய இந்நிறுவனம், 1676-இல் மூர்ஃபீல்ட்ஸ் பகுதியில் ராபர்ட் ஹூக் வடிவமைத்த அரண்மனை போன்ற கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் வாயிலின் மேல் சிற்பி கையஸ் கேப்ரியல் சிப்பர் செதுக்கிய இரண்டு உருவங்கள் கிடந்த கோலத்தில் இருந்தன. அவற்றில் ஒன்று துயரில் ஆழ்ந்த மனநோயையும், மற்றொன்று வெறிகொண்ட மனநோயையும் குறித்தது. வெறியின் உருவம் சங்கிலியுடனேயே வடிக்கப்பட்டிருந்தது. மனநோயும் சங்கிலியும் பிரிக்க முடியாதவை என்ற எண்ணம் அக்காலத்தவருக்கு எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு இது போதுமான சான்று. அறிவை இழந்தவர் விலங்கின் நிலைக்கு இறங்கிவிடுகிறார், குளிரையும் வலியையும் அவர் மற்றவரைப் போல உணர்வதில்லை, அச்சத்தால் மட்டுமே அவரை வழிக்குக் கொண்டுவர முடியும் என்ற கருத்துகள் மருத்துவர்களிடமும் பரவலாக இருந்தன. 1788-இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநிலை பாதிக்கப்பட்டபோது அவருக்குச் சிகிச்சை அளித்த பிரான்சிஸ் வில்லிஸ், கைகளை உடலோடு சேர்த்துக் கட்டும் சட்டையையும் பூட்டு நாற்காலியையும் மன்னரிடமே பயன்படுத்தினார். அந்த நாற்காலியை மன்னர் தமது முடிசூட்டு நாற்காலி என்று கசப்போடு அழைத்ததாகக் கூறுவர்.

மன்னருக்குத் துணிச்சட்டை என்றால் ஏழைக்கு இரும்பு என்பது பெத்லெமின் நடைமுறையாக இருந்தது. 1814-இல் எட்வர்ட் வேக்ஃபீல்ட் என்ற சீர்திருத்தவாதி சிலரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றபோது, பெண்கள் பகுதியின் ஓர் அறையில் பத்துப் பேர் அளவில் ஒவ்வொருவரும் ஒரு கையிலோ காலிலோ சுவரோடு பிணைக்கப்பட்டு, போர்வையால் ஆன மேலங்கி ஒன்றைத் தவிர வேறு உடையின்றி, பெஞ்சில் உட்காரவோ அதன் அருகே எழுந்து நிற்கவோ மட்டும் இடங்கொடுக்கும் நீளச் சங்கிலியில் இருந்ததைக் கண்டார். ஆண்கள் பகுதியில் ஜேம்ஸ் நாரிஸ் என்பவர் பத்தாண்டுகளாக இரும்புக் கட்டமைப்பு ஒன்றுக்குள் வைக்கப்பட்டிருந்தார். கழுத்தைச் சுற்றிய இரும்பு வளையம் ஒரு குறுஞ்சங்கிலியால் செங்குத்தான இரும்புக் கம்பியோடு இணைக்கப்பட்டு அதில் மேலும் கீழும் நகரும்படி இருந்தது. உடலைச் சுற்றிய இரும்புப் பட்டையோடு இரு கைகளும் சேர்த்துப் பிணைக்கப்பட்டிருந்தன. அவரால் நிற்கவும் மல்லாந்து படுக்கவும் முடிந்ததே தவிர ஓரடி நடக்க முடியாது. அந்த நிலையிலும் அவர் நூல்களையும் செய்தித்தாள்களையும் படித்து, வந்தவர்களோடு தெளிவாக உரையாடினார் என்பது பார்வையாளர்களைத் திகைக்கச் செய்தது.

நாரிஸ் வன்மையானவர், பணியாளரைத் தாக்கியவர், கைவிலங்குகளை நழுவவிடக்கூடியவர் என்பன இதற்குக் கூறப்பட்ட காரணங்கள். ஆனால் நாடாளுமன்றக் குழு 1815-இல் விசாரித்தபோது, மருத்துவமனையின் மருந்தாளரும் நோயாளிகளை நாள்தோறும் கவனித்தவருமான ஜான் ஹாஸ்லம், நாரிஸை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவைக்கத்தக்க இரண்டு அறைகளைத் தரலாம் என்று தாம் முன்வைத்த யோசனை ஏற்கப்படவில்லை என்று கூறினார். இரண்டாவது அறைக்குப் பதிலாக இரும்பு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே இந்தச் சாட்சியத்தின் சாரம். பெத்லெமின் மருத்துவரான தாமஸ் மன்ரோவோ, தமது தனியார் இல்லத்தில் விலங்குகள் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, கனவான்கள் இரும்பை விரும்பமாட்டார்கள் என்றும், வேலையாட்கள் போதிய அளவில் இல்லாத, ஏழைகள் தங்கும் இடத்துக்கே அது உரியது என்றும் பொருள்படப் பதிலளித்தார். நாரிஸ் இரும்பிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மாதங்களில் 1815-இல் இறந்தார்; 1816-இல் ஹாஸ்லம் பணிநீக்கம் செய்யப்பட்டார், மன்ரோவும் பதவியிழந்தார். பொதுமக்களின் சீற்றம் இந்த இரண்டு மனிதர்கள் மீது இறங்கியதே தவிர, மன்ரோவின் பதிலில் வெளிப்பட்ட கணக்கு, அதாவது ஆள் குறையுமிடத்தில் தளை கூடும் என்ற கணக்கு, அப்போதைக்கு யாராலும் ஆராயப்படவில்லை.

இதற்கு முன்பே வேறு திசையில் சில முயற்சிகள் நடந்திருந்தன. யார்க் நகரின் காப்பகத்தில் 1790-இல் தங்கள் சமயப்பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் ஐயத்துக்குரிய முறையில் இறந்ததை அடுத்து, குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினர், தேயிலை வணிகரான வில்லியம் டியூக்கின் முயற்சியால் 1796-இல் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தனர். நோயாளியைக் குடும்பத்தவர் போல நடத்தி, அவரிடம் எஞ்சியிருக்கும் தன்மதிப்பைத் துணையாகக் கொண்டு அவரை அடக்கமுறச் செய்யும் முறை அங்கே வளர்ந்தது; சங்கிலி விலக்கப்பட்டது, ஆனால் தோல்வாரும் கட்டுச்சட்டையும் அரிதாகவேனும் இருந்தன. பாரிஸில் மருத்துவர் பிலிப் பினெல் தம் கையாலேயே நோயாளிகளின் சங்கிலிகளை அகற்றியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியங்கள் காட்டினாலும், பிசெத்ர் மருத்துவமனையில் சங்கிலிகள் நீங்கியது பினெல் அங்கிருந்து மாறிச்சென்ற பிறகு, 1797-இல், காப்பாளர் ழான் பத்தீஸ்த் புசேனின் முயற்சியால்தான். மருத்துவர் அல்லாதவரும், முன்னர் அதே வளாகத்தில் நோயாளியாக இருந்தவருமான புசேன், நோயாளிகளோடு பகலும் இரவும் வாழ்ந்தவர் என்பதால், யாரை எப்போது கட்டாமல் விடலாம் என்ற அறிவு அவரிடமே இருந்தது. அங்கும் சங்கிலியின் இடத்தைக் கட்டுச்சட்டை பிடித்துக்கொண்டது.

தளையை முற்றிலும் ஒழிக்க முடியும் என்பதை எண்களால் காட்டிய இடம், கிழக்கு இங்கிலாந்தில் லிங்கன் நகரில் 1820-இல் திறக்கப்பட்ட சிறிய காப்பகம். அங்கே வருகை மருத்துவராக இருந்த எட்வர்ட் பார்க்கர் சார்ல்ஸ்வொர்த், கட்டும் கருவிகளைப் பணியாளர் தம் விருப்பப்படி எடுத்துப் பயன்படுத்துவதை ஐயத்தோடு பார்த்தவர். 1829-இல் ஒரு நோயாளி கட்டுச்சட்டை அணிவிக்கப்பட்டு, இரவு முழுவதும் படுக்கையோடு வாரால் பிணைக்கப்பட்டு, அருகில் யாருமின்றி விடப்பட்ட நிலையில் இறந்துபோனார். இதன் விளைவாக, இரவில் ஒருவரைக் கட்டிவைத்தால் அதே அறையில் ஒரு பணியாளர் விடியும்வரை உடனிருக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. இவ்விதி கட்டுவதைத் தடைசெய்யவில்லை. கட்டுவதன் செலவை மட்டும் உயர்த்தியது. அதுவரை தளை என்பது பணியாளர் உறங்கச் செல்வதற்கான வசதியாக இருந்தது. இனி ஒருவரைக் கட்டினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்றானதும், கட்டாமலே சமாளிக்கக்கூடியவர்கள் பலர் இருப்பது தெரியவந்தது.

அதோடு, யார், எந்தக் கருவியால், எத்தனை மணிநேரம் கட்டப்பட்டார் என்பதைப் பதிவேட்டில் எழுதும் வழக்கமும் அங்கே நிலைபெற்றது. அந்தப் பதிவேட்டின்படி, 1830-இல் காப்பகத்தில் இருந்த 92 பேரில் 54 பேர் கட்டப்பட்டனர். 2,364 முறை, ஏறத்தாழ 27,113 மணிநேரம் தளை பயன்பட்டது. 1836-இல் 115 பேரில் 12 பேர் 39 முறை, 334 மணிநேரம் கட்டப்பட்டனர். 1837-இல் நோயாளிகள் 130 ஆகப் பெருகியிருந்தும், இருவர் மட்டுமே மூன்று முறை, மொத்தம் 28 மணிநேரம் கட்டப்பட்டனர். நோயின் தன்மை ஏழாண்டுகளில் மாறியிருக்க முடியாது. மாறியது கட்டுவோரின் பழக்கமே என்ற முடிவை இந்த எண்களுக்கு முன்னால் மறுப்பது கடினமாயிற்று.

இறுதிக் கட்டத்தை நடத்தியவர், 1835-இல் உறைவிட அறுவை மருத்துவராகச் சேர்ந்த ராபர்ட் கார்டினர் ஹில் என்ற இளைஞர். முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகளைப் படித்து, தளை குறையக் குறைய விபத்துகள் பெருகவில்லை என்று கண்ட அவர், 1838-இல் லிங்கனில் ஒரு பொதுச் சொற்பொழிவாற்றி, அதை மறு ஆண்டே நூலாக வெளியிட்டார். அவரது வாதம் பெரும்பாலும் நிர்வாகம் சார்ந்தது. நோயாளிகளை நிலைக்கேற்பப் பிரித்துவைக்க உதவும் கட்டடம், உடல்வலுவும் பொறுமையும் கொண்ட போதிய பணியாளர், இரவிலும் ஓயாத கண்காணிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் தளை ஒருபோதும் தேவைப்படாது, தேவைப்படாததால் நியாயமும் ஆகாது என்றார். உயரமும் வலிமையும் உள்ள பணியாளர்களை அவர் வற்புறுத்தியதற்குக் காரணம் எளிது. தன்னால் வெல்ல முடியாதவர் என்று நோயாளிக்குத் தோன்றுபவருக்குப் பெரும்பாலும் மல்லுக்கட்ட நேருவதில்லை. அஞ்சி நிற்கும் மெலிந்த பணியாளரே முதலில் விலங்கைத் தேடுகிறார். ஆனால் ஒழுங்கு கெட்டுவிட்டது என்றும் பணியாளர் ஆபத்துக்கு உள்ளாகின்றனர் என்றும் உள்ளூரில் எழுந்த எதிர்ப்பு அவரை விடவில்லை. 1840-இல் அவர் பதவி விலகினார்.

சிறிய காப்பகத்தில் முடிந்தது பெரிய காப்பகத்தில் முடியுமா என்ற ஐயத்துக்கு விடையளித்தவர் ஜான் கொனொலி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த இவர், 1839 ஜூன் மாதம், லண்டனுக்கு மேற்கே ஹான்வெல்லில் 1831-இல் திறக்கப்பட்ட மிடில்செக்ஸ் மாவட்டக் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே சுமார் 800 நோயாளிகள், அநேகமாக எல்லோரும் ஏழைகள், இருந்தனர். பொறுப்பேற்கும் முன் லிங்கனுக்குச் சென்று ஹில்லின் முறையை நேரில் பார்த்துவந்த கொனொலி, ஒவ்வொரு வார்டிலும் அன்றன்று கட்டப்பட்டவர்களின் விவரத்தைத் தமக்கு அனுப்பும்படி ஆணையிட்டார். காரணம் எழுத வேண்டியிருந்ததால் காரணமற்ற கட்டுகள் முதலில் உதிர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் ஹான்வெல்லில் எந்தக் கருவியும் பயன்படுத்தப்படவில்லை. வார்டுகளிலிருந்து திரட்டப்பட்ட கருவிகள் ஏறத்தாழ 600. அவற்றில் பாதி கைவிலங்கும் கால்பூட்டும். ஆளை உட்காரவைத்துப் பூட்டும் நாற்காலிகள் மட்டும் 40 இருந்தன.

தளையின் இடத்தில் கொனொலி வைத்தவற்றை அவரது 1856-ஆம் ஆண்டு நூல் விரிவாக விளக்குகிறது. உடையைக் கிழிப்பவருக்கு எளிதில் கிழியாத தடித்த துணியில் தைத்த உடையும், குளிரில் காலணியைக் கழற்றி எறிபவருக்குச் சிறு பூட்டுடன் கூடிய காலணியும் கொடுக்கப்பட்டன. கொந்தளிப்பு மிகும்போது தனியறை அடைப்பு, அதாவது நோயாளியை மற்றவர்களிடமிருந்து விலக்கிச் சிறிது நேரம் ஓர் அறையில் தனியே விடுவது, கையாளப்பட்டது. தன்னை மோதிக்கொள்ளக்கூடியவருக்காகத் தரையும் சுவரும் மெத்தை போல மூடப்பட்ட அறைகள் அமைக்கப்பட்டன. தடித்த துணிக்குள் தென்னை நாரைத் திணித்து, மரச்சட்டங்களில் பொருத்தி, சுவரோடு சேர்த்து அந்த மெத்தைகளைச் செய்தனர். கதவிலிருந்த சிறு கண்ணோட்டத் துளை வழியே பணியாளர் அடிக்கடி பார்க்க வேண்டும், கோபம் தணிந்ததும் கதவைத் திறக்க வேண்டும் என்பது விதி. இவை எல்லாவற்றையும்விடப் பணியாளரின் தகுதி, கூலி, எண்ணிக்கை ஆகியவற்றையே கொனொலி பெரிதாகக் கருதினார். தளையின்றி நடத்துவது என்பது கருவியைக் கழற்றுவதோடு முடிவதன்று, நோயாளியின் வாழ்க்கைச் சூழல் முழுவதையும் மாற்றியமைக்கும் ஒரு முறை என்று அவர் வலியுறுத்தினார்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். வாரால் சில மணிநேரம் கட்டுவதைவிட, நான்கு பேர் சேர்ந்து ஒருவரை அழுத்திப் பிடிப்பது அதிக அவமானமும் ஆபத்தும் உடையது என்று சிலர் வாதிட்டனர். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காப்பகங்களில் நோயாளிகளின் விலா எலும்புகள் முறிந்திருந்த செய்திகள் வெளிவந்தபோது அந்த வாதம் வலுப்பெற்றது. தனியறை அடைப்பும் நீண்டு இருட்டறைச் சிறையாக மாறக்கூடும் என்பதும் மெய்யான அச்சமே. அட்லாண்டிக்கின் மறுகரையில், அமெரிக்கக் காப்பகங்களின் கண்காணிப்பாளர்கள் 1844-இல் தங்கள் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே, எல்லாத் தளைகளையும் கைவிடுவது நோயாளிகளின் நலனுக்கு உகந்ததன்று என்று தீர்மானித்தனர். நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா காப்பகத்தில் மூடியுடன் கூடிய மரச்சட்டத் தொட்டில், பெரியவர் படுக்கத்தக்க நீளத்தில், இரவுநேரப் பூட்டாகப் பயன்பட்டு 1880-களில்தான் நீக்கப்பட்டது. அந்நாட்டில் தளையைத் தயங்காமல் பயன்படுத்தியவர்களும் அதைச் சிகிச்சை என்றே நம்பினர்.

இங்கிலாந்தில் வாதத்தை முடித்துவைத்தது சட்டம். 1845-இல் உருவான மனநோயாளர் ஆணையம், காப்பகங்களைப் பார்வையிட்டு, தளை, தனியறை அடைப்பு ஆகியவற்றின் பதிவுகளைச் சரிபார்க்கும் அதிகாரம் பெற்றது. 1890-ஆம் ஆண்டுச் சட்டம், அறுவை அல்லது மருத்துவச் சிகிச்சையின் பொருட்டோ, நோயாளி தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்வதைத் தடுக்கவோ மட்டுமே கருவியால் கட்டலாம் என்றும், ஒவ்வொரு முறையும் மருத்துவர் சான்றிதழ் தந்து நாள்தோறும் பதிவு எழுத வேண்டும் என்றும் விதித்தது. லிங்கன் காப்பகம் தன் விருப்பத்தால் தொடங்கிய பதிவேடு இவ்வாறு நாடு முழுவதற்குமான சட்டக் கடமையாயிற்று.

ஆனால் பதிவேட்டில் இடம்பெறும் கருவி குறைந்த அதே காலத்தில், பதிவேட்டில் இடம்பெறாத தளை ஒன்று வளர்ந்தது. 1851-இல் திறக்கப்பட்ட கோல்னி ஹாட்ச் காப்பகம் தொடக்கத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்டது. இத்தகைய பெருங்காப்பகங்களில் ஹில்லும் கொனொலியும் கேட்ட விகிதத்தில் பணியாளரை அமர்த்த வரிப்பணம் ஒதுக்கப்படவில்லை. 1869-இல் குளோரல் ஹைட்ரேட்டின் உறக்கமூட்டும் ஆற்றல் கண்டறியப்பட்டதும், அதுவும் புரோமைடு உப்புகளும் இரவு வார்டுகளின் அமைதிக்கான வழியாயின; மருந்துத் தளை என்ற குற்றச்சாட்டு அந்த நூற்றாண்டிலேயே எழுந்தது. 1952-இல் பாரிஸில் ழான் டிலேயும் பியேர் டெனிகரும் குளோர்புரோமசீனின் பயனை அறிவித்தபோது நோயின் அறிகுறிகளையே தணிக்கும் மருந்து முதன்முறையாகக் கிடைத்தது, பல வார்டுகளின் இயல்பே மாறியது. எனினும் அதே வகை மருந்து, நோயாளியின் நலனுக்காகவா, வார்டின் வசதிக்காகவா தரப்படுகிறது என்ற கேள்விக்கு அளவுகோல், மணிக்கணக்கில் எண்ணத்தக்க தோல்வாருக்கு இருந்ததுபோல எளிதாக அமையவில்லை.

இந்தியாவில் இந்த வரலாறு இரண்டு தடங்களில் நடந்தது. சென்னையில் 1794-இல் அறுவை மருத்துவர் வாலன்டைன் கானலி தொடங்கிய மனநோயாளர் இல்லமும், 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட காப்பகமும் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் வழியில் வளர்ந்தன. 1858, 1912 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் காப்பகத்தில் சேர்ப்பதையும் வைத்திருப்பதையும் ஒழுங்குபடுத்தின. காப்பகத்துக்கு வெளியே, தர்காக்களையும் கோயில்களையும் நாடி வந்தவர்களைக் குடும்பத்தினர் சங்கிலியில் பிணைத்துவைக்கும் வழக்கம், யாருடைய பதிவேட்டிலும் ஏறாமல் தொடர்ந்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி முளைத்த தனியார் இல்லங்களில் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அந்த இல்லங்கள் சங்கிலியை நாடியதிலும் பெத்லெம் இரும்பை நாடியதிலும் தெரிவது மன்ரோவின் பதிலில் வெளிப்பட்ட கணக்கே: ஆள் குறையுமிடத்தில் தளை கூடும். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அந்த இல்லங்கள் மூடப்பட்டன.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 95-ஆம் பிரிவில் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. 97-ஆம் பிரிவு தனியறை அடைப்பை விலக்கி, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவைக்கு மேல் நீளாத கால அளவுக்குக் கட்டலாம் என்கிறது. கட்டிய முறை, காரணம், கால அளவு ஆகியவை உடனே மருத்துவக் குறிப்பில் எழுதப்பட வேண்டும், நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணிநேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும், மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஒவ்வொரு நிகழ்வும் இடம்பெற வேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது என்பதோடு, பணியாளர் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் கொண்டு கட்டக்கூடாது என்றும் அப்பிரிவு தனியே சொல்கிறது. 1815-இல் மன்ரோ மறைக்காமல் சொன்ன காரணத்தைச் சட்டம் இவ்வாறு வெளிப்படையாகச் செல்லாததாக்கியிருக்கிறது.

செல்லாததாக்குவது அதை இல்லாததாக்கிவிடாது. ஒரு வார்டில் இரவுப்பணியில் ஒரு செவிலியரும் ஓர் உதவியாளரும் மட்டுமே இருக்கும்போது, உடனடித் தீங்கு என்ற சொல்லின் எல்லை தானாகவே விரியும். எழுதப்படும் காரணம் நோயாளியின் கொந்தளிப்பாகவே இருக்கும், எழுதப்படாத காரணம் அந்த இரவின் ஆள்குறையாக இருக்கும். லிங்கனின் எண்கள் பேசியதற்குக் காரணம், அங்கே கட்டிய நேரத்தின் கணக்கோடு ஆளை அமர்த்தும் பொறுப்பும் ஒரே நிர்வாகத்தின் முன் வைக்கப்பட்டதுதான். இன்றைய மாத அறிக்கைகளுக்கும் அதே பயன் வேண்டுமானால், கட்டப்பட்டவர்களின் பட்டியலோடு அந்தந்த வேளையில் பணியிலிருந்தவர்களின் எண்ணிக்கையும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும். அந்த இரண்டாவது எண்ணைக் கேட்காத வாரியத்துக்கு, நோயாளியின் வேகத்தால் விழுந்த தளை எது, ஊழியர் இல்லாமையால் விழுந்த தளை எது என்று பிரித்தறிய வழியில்லை.